சான் அன்டோனியோ, எல் பாசோ: வேலையிழந்த ஹிஸ்பானிக் பெண்களுக்கு எந்தப் பயிற்சி வேலை வாங்கித் தந்தது, எது தரவில்லை

1990 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், சவுத் சர்சமோரா தெருவிலிருந்த லீவைஸ் தையல் ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. வேலை கோஸ்டா ரிக்காவுக்குப் போனது. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். அடுத்த சில வாரங்களிலேயே அவர்களில் ஒரு பகுதியினர் 'ஃபுவெர்சா உனிடா' என்ற அமைப்பைத் தொடங்கி, பணிமுடிவுத் தொகைக்கும் ஓய்வூதிய உரிமைக்கும் போராடினார்கள். அதே நகரில் அதே அதிர்ச்சியிலிருந்து இன்னொன்றும் பிறந்தது: 'புராஜெக்ட் குவெஸ்ட்' என்ற பயிற்சித் திட்டம். டெக்சாஸின் மேற்கு முனையிலுள்ள எல் பாசோவிலோ, 1994-இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் தையல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அங்கே பயிற்சிக்கென்று பெரும் பணம் செலவானது. ஆனால் வேலை கிடைத்தவர்கள் குறைவு.

இரண்டு ஊரிலும் வேலையிழந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான பெண்கள்தாம். முடிவு வேறுபட்டதற்குக் காரணம் பாடத்திட்டத்தில் இருந்ததைவிடக் கால அளவிலும், பாடங்களை அடுக்கிய வரிசையிலும், கடைசியில் வேலை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியிலும் அதிகம் இருந்தது. ஹிஸ்பானிக், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கான கல்வித் திட்டம் எதையும் வகுப்பவர்கள் இந்த மூன்றையும் முதல் நாளே கையில் எடுக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஆலையிலிருந்து வெளியே வந்தவர்கள் யார்

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில், பத்து, இருபது ஆண்டு ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் ஜிப் மட்டும் வைப்பார், ஒருவர் பை மட்டும் தைப்பார், ஒருவர் இடுப்புப் பட்டி மட்டும் ஒட்டுவார். கை அசாத்திய வேகம் கொண்டது. ஆனால் அந்த வேகத்தை வேறு எந்த முதலாளியும் வாங்கத் தயாராக இல்லை. சான் அன்டோனியோவில் பலர் டெக்சாஸிலேயே பிறந்து, பள்ளியை இடையில் விட்டவர்கள். பேச்சு ஆங்கிலம் ஓரளவு வரும், எழுத்து வராது. எல் பாசோவில் பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்து, ஆரம்பப் பள்ளியளவில் படித்து, ஸ்பானியத்தில் மட்டுமே வாழ்ந்தவர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஏராளம். ஆலையில் மேற்பார்வையாளரும் ஸ்பானியத்தில் பேசியதால் ஆங்கிலம் தேவைப்படவே இல்லை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும். தொடர்ந்து ஒரே அசைவைச் செய்ததால் மணிக்கட்டு நரம்பு நெரிபட்டு, கை மரத்துப்போகும் 'கார்பல் டனல்' நோய் அவர்களிடையே பரவலாக இருந்தது. இப்படிப்பட்டவரைக் கணினித் தரவுப்பதிவு வகுப்பில் சேர்த்தால் என்ன ஆகும்? ஆறு மாதத்தில் அதே வலி, அதே கை. எனவே பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் முன் கை, தோள், முதுகு மூன்றுக்கும் மருத்துவப் பரிசோதனை தேவை. டெக்சாஸ் சட்டப்படி வேலையால் வந்த நோயை, அது வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதலாளியிடம் சொல்ல வேண்டும். ஓராண்டுக்குள் இழப்பீட்டுக் கோரிக்கை பதிய வேண்டும். டெக்சாஸில் தனியார் முதலாளி தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் சேராமலே இருக்கவும் சட்டம் இடம் தருகிறது, அதையும் முதலில் விசாரிக்க வேண்டும். பணிமுடிவுத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. வேலை போன பிறகு, வலி எங்கிருந்து வந்தது என்று நிரூபிப்பது கடினம்.

எல் பாசோ: 78 வாரக் கணக்கு

நாஃப்டாவால் வேலையிழந்ததாகச் சான்றளிக்கப்பட்டவர்களுக்கு மத்திய அரசு தனி உதவி வைத்திருந்தது. 1990-களின் முடிவுக்குள் எல் பாசோ வட்டாரத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் அந்தச் சான்று பெற்றார்கள். விதிகள் இப்படி: பயிற்சிக் கட்டணத்தை அரசு ஏற்கும். வேலையின்மை உதவித்தொகை 26 வாரம் வரும், அதன்பின் வர்த்தக ஈடுகட்டுத் தொகையாக இன்னொரு 26 வாரம், பயிற்சியில் நீடித்தால் மேலும் 26 வாரம். மொத்தம் 78 வாரம், அதாவது ஒன்றரை ஆண்டு.

இந்த 78-ஐப் பெண்களின் தேவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஆறு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு நிலை ஏற நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும், பள்ளிப்படிப்பு குறைந்தவர்களுக்கு இன்னும் கூடும். வாரம் 20 மணி நேரம் என்று வைத்தாலும் ஆங்கிலத்துக்கே 30 வாரத்துக்கு மேல். பிறகு பள்ளி இறுதிக்கு இணையான ஜி.இ.டி. தேர்வுக்குக் குறைந்தது அரையாண்டு. அதற்கும் பிறகு தொழிற்பயிற்சி. ஓரளவு நல்ல சம்பளம் தரும் எந்தத் தொழிலுக்கும் ஓராண்டு. கூட்டினால் நூறு வாரத்தைத் தாண்டுகிறது, அதுவும் ஒரு நாள்கூட உடம்புக்கு முடியாமல் போகாமல் இருந்தால்.

நடந்ததும் அதுதான். பெண்கள் ஆங்கில வகுப்பில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஜி.இ.டி. வகுப்புக்கு வந்தபோது பாதி நாள் போயிருந்தது. தொழில் வகுப்பை எட்டும் முன்பே உதவித்தொகை நின்றது. ஆங்கிலமும் அரைகுறை, சான்றிதழும் இல்லை, தொழிலும் இல்லை. போதாக்குறைக்கு, வேலையின்மை உதவித்தொகை தொடங்கிய 16-ஆம் வாரத்துக்குள்ளோ, சான்று கிடைத்த ஆறு வாரத்துக்குள்ளோ, எது பிந்தியதோ அதற்குள் பயிற்சியில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அந்த அவசரத்தில் எந்தப் பள்ளியில் இடம் இருந்ததோ அதில் சேர்ந்தார்கள். இடம் இருந்த பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணம் வந்தது, வேலை கிடைத்தவர் எண்ணிக்கையை வைத்து வரவில்லை. 1972 முதல் 1974 வரை நடந்த ஃபரா ஆலை வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக, 1981-இல் எல் பாசோ தையல் தொழிலாளப் பெண்கள் தொடங்கிய 'லா முஹேர் ஒப்ரேரா' அமைப்பு இதை எதிர்த்து மறியல் வரை போனது. அவர்களின் கோரிக்கை மிகத் தெளிவானது: ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டிலும் தொழில் சொல்லிக்கொடுங்கள், வேலை எங்கே என்று காட்டுங்கள். பின்னாளில் அந்த அமைப்பே உணவகம், குழந்தைகள் காப்பகம் எனச் சொந்தமாகத் தொழில்களைத் தொடங்கி, பெண்களை அங்கேயே பயிற்றுவித்தது.

2002-இல் சட்டம் திருத்தப்பட்டது. பயிற்சியில் இருப்பவருக்கு வருமான உதவி 104 வாரமாகவும், அடிப்படைக் கல்வி தேவைப்பட்டவருக்கு மேலும் 26 வாரம் சேர்த்து 130 வாரமாகவும் உயர்ந்தது. எல் பாசோப் பெண்கள் எட்டு ஆண்டு முன்பிருந்தே சொல்லிவந்த கணக்கு அதுதான். பெரும்பாலோருக்கு அது காலம் கடந்து வந்தது.

சான் அன்டோனியோ: வேலையிலிருந்து பின்னோக்கி

சான் அன்டோனியோவில் 1974 முதல் இயங்கிவந்த 'காப்ஸ்' என்ற அமைப்பு, கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளை அடித்தளமாகக் கொண்டு, மேற்கு, தெற்குப் பகுதி மெக்சிகோ அமெரிக்கக் குடும்பங்களைத் திரட்டியது. வெள்ள வடிகால், சாலை, குடிநீர் என்று நகராட்சியோடு மோதிப் பழகிய அமைப்பு. லீவைஸ் மூடலுக்குப் பிறகு அது 'மெட்ரோ அலையன்ஸ்' என்ற தோழமை அமைப்புடன் சேர்ந்து வீடுவீடாகக் கூட்டங்கள் நடத்தியது. கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே குறை எழுந்தது: பயிற்சிச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது, அதைக் காட்டினால் வேலை தரும் முதலாளி இல்லை.

எனவே பாடத்திட்டத்தைத் தொடும் முன் அவர்கள் முதலாளிகளிடம் போனார்கள். மருத்துவமனைகள், வங்கிகள் முதலிய நிறுவனங்களிடம் எந்த வேலைக்கு இரண்டு ஆண்டில் ஆள் வேண்டும், என்ன சம்பளம், என்ன தகுதி என்று கேட்டு, 650 வேலைகளுக்கு உறுதிமொழி வாங்கினார்கள். அதைக் காட்டித்தான் நகராட்சியிடமும், அன்றைய மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் பணம் பெற்றார்கள். 1992-இல் திட்டம் உருவாகி, 1993-இல் முதல் மாணவர்கள் வகுப்புக்குப் போனார்கள்.

குவெஸ்ட் சொந்தமாகப் பள்ளி நடத்தவில்லை. மாணவர்கள் அலமோ சமுதாயக் கல்லூரிகளில், அதாவது சான் அன்டோனியோ கல்லூரி, செயின்ட் பிலிப்ஸ், பாலோ ஆல்டோ போன்றவற்றில், முழுநேர மாணவர்களாகச் சேர்ந்தார்கள். குவெஸ்ட் கொடுத்தது அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும்: கட்டணத்தில் பற்றாக்குறையாகும் தொகை, புத்தகம், சீருடை, உரிமத் தேர்வுக் கட்டணம், பஸ் பாஸ், தனிப்பயிற்சி, கல்லூரி நுழைவுக்கு முந்தைய கணித, வாசிப்பு வகுப்பு. மின்கட்டணம் கட்ட முடியாதபோதும், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாதபோதும் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆலோசகர். வாரம் ஒருமுறை ஆலோசகரோடு குழுக் கூட்டம் கட்டாயம். அங்கே நேரத்தைப் பங்கிடுவது, தேர்வு எழுதும் முறை, பேராசிரியரிடம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் பேசப்படும். ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் ஏழு நாளுக்குள் தெரிந்துவிடும். தேர்வு முடிவு வரும்வரை காத்திருந்தால் அந்த மாணவியை இழந்துவிட்டோம் என்று பொருள். எங்கள் கணிப்பில் இந்த வாரக் கூட்டமே திட்டத்தின் முதுகெலும்பு, அதில்தான் மற்ற திட்டங்கள் சிக்கனம் பார்க்கின்றன.

இதன் பலனை அளவிட, 2006 முதல் 2008 வரை மருத்துவத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 410 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு குவெஸ்ட் உதவி, மறு பிரிவுக்கு ஊரில் கிடைக்கும் மற்ற உதவிகள் மட்டும். விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் ஹிஸ்பானிக். முதலாண்டில் குவெஸ்ட் பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள், ஏனென்றால் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் ஆண்டில் அவர்களின் சராசரி வருமானம் ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் கூடுதல். ஒன்பதாம் ஆண்டு, பதினோராம் ஆண்டு என்று தொடர்ந்து பார்த்தபோதும் பலன் மங்கவில்லை. ஆளுக்கு ஆன செலவு ஏறக்குறைய 10,000 டாலர். அமெரிக்காவின் பயிற்சித் திட்டங்களில் இத்தனை ஆண்டு நீடித்த பலன் காட்டியவை மிகச் சில.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குவெஸ்டில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றோ ஜி.இ.டி.யோ வேண்டும். லீவைஸ் ஆலையிலிருந்து வந்த பெண்களில் பலருக்கு அது இல்லை. அவர்களுடைய மகள் வயதுப் பெண்களுக்கே இத்திட்டம் அதிகம் உதவியது. பள்ளி முடிக்காத, ஆங்கிலம் வராத நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கேள்விக்கு குவெஸ்ட் பாதி விடைதான்.

அந்த மீதிப் பாதிக்கு என்ன வழி

மொழி முதலில், தொழில் பிறகு என்ற வரிசையை உடைக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகள் 2004-இல் சோதனையாகத் தொடங்கிய 'ஐ-பெஸ்ட்' முறையில் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழில், ஒருவர் மொழி அல்லது கணிதம். வகுப்பு நேரத்தில் குறைந்தது பாதியாவது இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். ரத்த அழுத்தம் எடுக்கக் கற்கும் அதே மணி நேரத்தில் அதற்கான ஆங்கில வாக்கியமும் அளவெண்ணைப் பதிவேட்டில் எழுதுவதும் கற்கப்படும். சிகாகோவில் 'இன்ஸ்டிட்யூட்டோ டெல் புரோக்ரெசோ லத்தினோ' தன் செவிலியர் பயிற்சித் திட்டத்தில் தொழில்சார் ஆங்கிலத்தைக் குறுகிய படிகளாகப் பிரித்து, அடிமட்ட வாசிப்பிலிருந்து செவிலியர் படிப்பு வரை ஏணியாக அமைத்தது.

ஜி.இ.டி.யை ஸ்பானியத்திலேயே எழுதலாம். 2014 முதல் நான்கு தாள்: மொழித்திறன், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றிலும் 145 மதிப்பெண் வேண்டும். ஆங்கிலம் கற்கும் அதே மாதங்களில் ஸ்பானியத்தில் இதை முடித்துவிட்டால் அரையாண்டு மிச்சம். கல்லூரி ஆங்கிலத் திறனைத் தனியே சோதிக்கும், அதற்கும் தயார்படுத்த வேண்டும். பள்ளிச் சான்றே இல்லாதவருக்கு, வருமானம் குறைந்த கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை 2012 ஜூலை முதல் மறுக்கப்பட்டது. 2014 இறுதியில் வந்த திருத்தத்தின்படி, அடிப்படைக் கல்வியும் தொழிற்கல்வியும் இணைந்த தகுதியான படிப்பில் சேர்ந்து, குறிப்பிட்ட தேர்வில் தேறினாலோ ஆறு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) முடித்தாலோ கிடைக்கும். இந்த வழி பல நிதியுதவி அலுவலகங்களில் தானாகச் சொல்லப்படுவதில்லை, கேட்டுத்தான் பெற வேண்டும்.

எந்தப் படியில் நிறுத்தக்கூடாது

முழுநேரம் வேலை செய்யும் ஹிஸ்பானிக் பெண், வெள்ளையின ஆண் பெறும் ஒரு டாலருக்கு 60 சென்டுக்கும் குறைவாகவே பெறுகிறார். இந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம், பயிற்சித் திட்டங்கள் பெண்களைக் கொண்டுபோய் விடும் படி. மருத்துவத் துறையில் அது நன்றாகத் தெரியும். டெக்சாஸில் செவிலியர் உதவிப் பணியாளர் பயிற்சி வெறும் 100 மணி நேரம்: வகுப்பில் 60, முதியோர் இல்லத்தில் 40. ஒரு மாதத்தில் சான்று, உடனே வேலை. திட்டத்தின் அறிக்கையும் பளிச்சென்று இருக்கும். ஆனால் 2023 கணக்கில் நாடு முழுவதும் அந்த வேலையின் நடுநிலை ஆண்டு வருமானம் 38,000 டாலர் அளவுதான். ஓராண்டுப் படிப்பான உரிமம் பெற்ற தொழிற்செவிலியருக்கு, டெக்சாஸில் வழங்கும் பெயர் எல்.வி.என்., 59,000-க்கு மேல். இரண்டாண்டுப் பட்டத்தோடும் ஆகக்கூடிய பதிவு பெற்ற செவிலியருக்கு 86,000.

உதவிப் பணியாளர் சான்றை முதல் படியாக வைப்பதில் தவறில்லை. வேலை கிடைத்ததும் கோப்பை மூடிவிடுவதுதான் தவறு. இரவுப் பணி, நோயாளிகளைத் தூக்கும் உழைப்பு, வீட்டில் குழந்தைகள் என்றான பிறகு மீண்டும் வகுப்புக்கு வருபவர் மிகக் குறைவு. எனவே முதல் சான்று வாங்கும்போதே அடுத்த படிப்புக்கான சேர்க்கைத் தேதி, பணிநேரச் சலுகை பற்றிய முதலாளியின் எழுத்துமூல ஒப்புதல் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

நடுவழியில் நிற்கும் இடங்கள்

கல்லூரியில் சேரும்போது எழுதும் நிலையறி தேர்வு முதல் கண்ணி. முன்பெல்லாம் அதில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் கிரெடிட் இல்லாத அடிப்படைக் கணித வகுப்புகளை இரண்டு, மூன்று பருவம் படிக்க வேண்டியிருந்தது. உதவித்தொகை கரைந்தது, பட்டம் அசையவில்லை. 2017-இல் டெக்சாஸ் சட்டம் இதை மாற்றி, கல்லூரிக் கணிதத்தோடு துணை வகுப்பையும் ஒரே பருவத்தில் சேர்த்துப் படிக்கும் முறைக்குக் கல்லூரிகளைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. இருந்தும், முன்தயாரிப்பு இல்லாமல் தேர்வறைக்குள் யாரையும் அனுப்பக்கூடாது. பின்னம், தசமம், விகிதம், அலகு மாற்றம் இவற்றில் மூன்று, நான்கு வாரம் தினமும் பயிற்சி கொடுத்தால் பலர் ஒரு நிலை மேலே உட்காருகிறார்கள். மருந்தளவுக் கணக்குக்கும் அதே கணிதம்தான்.

தடுப்பூசி இன்னொன்று, யாரும் எதிர்பாராதது. டெக்சாஸில் நோயாளியைத் தொடும் முன் செவிலியர் மாணவி ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் தொடரை முடித்திருக்க வேண்டும். வழக்கமான மூன்று ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். சேர்க்கைக் கடிதம் வந்தபின் தொடங்கினால் ஒரு பருவம் போய்விடும். விண்ணப்பித்த வாரமே முதல் ஊசி போட வேண்டும். தாமதமாகிவிட்டால், ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியில் முடியும் புதுவகை மருந்தும் இருக்கிறது.

மருத்துவமனைப் பயிற்சி காலை 6.30, 7 மணிக்குத் தொடங்கும். அந்நேரத்துக்குத் திறக்கும் குழந்தைகள் காப்பகம் அரிது, பஸ்ஸும் நேராகப் போகாது. வகுப்பறைப் பருவத்தில் முதல் வரிசையில் இருந்தவர்கூட இந்தப் பருவத்தில் நின்றுவிடக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகவே அந்தப் பருவம் தொடங்க எட்டு வாரம் முன்பே விடியற்காலையில் குழந்தையைப் பார்ப்பது யார் பொறுப்பு, அவருக்கு உடல்நலமில்லாவிட்டால் மாற்று யார், கார் பழுதானால் யார் அழைத்துப் போவார் என்று மூன்று பெயரை எழுதி வாங்க வேண்டும். 400, 500 டாலர் அவசர நிதி ஆலோசகரின் கையிலேயே இருக்க வேண்டும். கார் பேட்டரிக்காக விண்ணப்பம் எழுதி இரண்டு வாரம் காத்திருக்கும்போது மூன்று பயிற்சி நாள் தவறும், மூன்று நாள் தவறினாலே பல கல்லூரிகளில் பருவம் ரத்தாகும் நிலை.

பகுதிநேர வேலையில் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தால் உணவு உதவியோ காப்பக மானியமோ குறைந்துபோகும். மாணவி எத்தனை மணி நேரம் வேலை செய்தால் எந்த உதவி எவ்வளவு குறையும் என்று பருவத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டுவது ஆலோசகரின் கடமை.

பணம் எங்கிருந்து

கல்விக் கட்டணத்துக்கு வழி உண்டு. குடும்பச் செலவுக்குத்தான் இல்லை. இறக்குமதியாலும் ஆலை இடமாற்றத்தாலும் வேலையிழந்தோருக்கான அந்த மத்திய உதவித் திட்டம் 2022 ஜூலை முதல் புதிய சான்றளிப்பை நிறுத்திவிட்டது. மிஞ்சியிருக்கும் பொதுப் பயிற்சிச் சட்டம் கட்டணம் தரும், படிக்கும் மாதங்களுக்கு வருமானம் தருவதாக எந்த உறுதியும் இல்லை. டெக்சாஸில் வேலையின்மை உதவி அதிகபட்சம் 26 வாரம். எல்.வி.என். படிப்புக்கோ முன்தயாரிப்பும் சேர்த்து 18 மாதம்.

இந்த இடைவெளி ஓராண்டு. இன்று ஒரு ஆலை மூடினால், சட்டப்படி தர வேண்டிய 60 நாள் முன்னறிவிப்புக் காலத்திலேயே ஆலைக்குள் மேசை போட்டு, ஒவ்வொரு பெண்ணின் படிப்பு நிலை, மொழி நிலை, கை நிலை, வீட்டு நிலையைப் பதிய வேண்டும். அந்த ஓராண்டு வருமானத்தை நகராட்சி, மருத்துவமனை, பணிமுடிவு ஒப்பந்தம் மூன்றில் எது எந்த அளவில் ஏற்கும் என்பதை வகுப்பு தொடங்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டும். எழுத்தில் கிடைக்கும்வரை யாரையும் முழுநேரப் படிப்பில் சேர்க்காமல், வேலையோடு படிக்கும் இரட்டை ஆசிரியர் மாலை வகுப்பில் தொடங்குவதே அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பானது.